கீழே அனுப்பிய இறால்

புதிதாக ஓட்டல் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பயிற்சி வகுப்பில் முதல் நாளே ஒரு வாசகத்தை எழுதிப் போட்டிருப்பார்கள், விருந்தினர்தான் தெய்வம் என்று. அந்தத் தெய்வத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியது யார் தட்டில் போய் விழும் என்று மட்டும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன். ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆகியும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. மலையாளக் கரையில், கோவளத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு பாறைச் சரிவில் அந்த ஓட்டலைக் கட்டியிருந்தார்கள். பெயர் வேண்டாம். உச்சியில் விருந்தினர் அறைகள், புல்தரை, நீச்சல் குளம். நடுவில் எங்கள் சமையற்கூடம். அங்கிருந்து குறுகலான படி இறங்கினால் சலவைக்கூடம், கொதிகலன், அதை ஒட்டி ஊழியர்கள் சாப்பிடும் மெஸ். ஓட்டலிலேயே கடலுக்கு மிகப் பக்கத்தில் இருந்த அறை அந்த மெஸ்தான். ஆனால் அதற்கு ஜன்னல் வைக்கவில்லை. கடலைப் பார்ப்பதற்கு வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கும்போது, துணி துவைக்கிறவர்கள் எதற்குப் பார்க்க வேண்டும்?

எங்கள் பேச்சில் இரண்டே சொற்கள்தான் முக்கியம்: மேலே, கீழே. விருந்தினர்களுக்குப் போவது மேலே, ஊழியர்களுக்குப் போவது கீழே. மேலே மிஞ்சினது கீழே போகும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. என் வீட்டிலும் காலையில் பழைய சோறுதான். மிஞ்சினது வேறு, கெட்டது வேறு. அந்த வித்தியாசம் தெரியாதவன் சமையற்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவனை என்ன செய்வது என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

நான் சாலைக் கடைத்தெருவில் வற்றல் மண்டியில் எடை போட்டவரின் மகன். ஆரியசாலையில் ஒரு சந்தில் வாடகை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடற்கரைக்குப் போவேன். அப்போது பெரிய ஷெஃப்புக்கு அடுத்த ஆளாகத் தற்காலிகமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிரந்தரம் ஆக்கும் உத்தரவு ஜெனரல் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வீட்டில் எல்லோரும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஷெஃப் கொல்லத்துக்காரர், கப்பலில் சமைத்துவிட்டுக் கரைக்கு வந்தவர். எனக்குத் தெரிந்த தொழிலெல்லாம் அவரிடம் கற்றதுதான். கடிகாரத்தை நம்பாதே, மூக்கை நம்பு என்பார். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொருளை அப்படியே முகர்ந்து பார்த்தால் கையைத் தட்டிவிடுவார்.

"குளிரு பொய் சொல்லும்டோ மணி. ஒரு துண்டு எடுத்துச் சூடுவெள்ளத்துல போடு. அப்போ அதுக்க உண்மையான மணம் வெளிய வரும்."

கெட்டது என்று தீர்மானித்தால் அவருக்கு அடுத்த வேலை ஃபினாயில். குப்பைத் தொட்டியில் போட்டது எந்த உருவத்திலாவது திரும்பி வரும், ஃபினாயில் ஊற்றினது மட்டும் வராது என்பார். பாத்திரம் கழுவும் இடத்தில் கறுப்பு ஃபினாயில் டின் ஒன்று எப்போதும் இருக்கும். அவர் ஊற்றச் சொன்ன பிறகுதான் ஊற்ற வேண்டும். அது அங்கே சட்டம்.

அது நல்ல வெயில் காலம். பம்பாய்க் கம்பெனி ஒன்று தன் ஆட்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்து ஓட்டல் முழுவதையும் எடுத்திருந்தது. மறுநாள் மத்தியானம் புல்தரையில் பெரிய விருந்து. அதற்காகப் பெட்டி பெட்டியாக இறால் வாங்கி, உடைத்த ஐஸில் புதைத்து, ஃப்ரீசர் அறையில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி ஊர் முழுக்க மின்சாரம் போயிருக்கிறது. ஓட்டலில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் அதை விருந்தினர் அறைகளின் ஏசிக்கு மட்டும் கொடுக்கும்படி மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். ஃப்ரீசர் அறை விடியும் வரை செத்துக் கிடந்தது. அதிகாலையில் மின்சாரம் வந்ததும் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் கதவைத் திறந்தபோது எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. நல்ல குளிர். வாடை இல்லை. ஆனால் உடைத்துப் போட்ட ஐஸ் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. தரையில் லேசான சிவப்பு நிறத்தில் தண்ணீர் உறைந்து வழுக்கியது. ஐஸ் உருகி ஓடி, திரும்ப உறைந்திருக்கிறது என்றால் நடுவில் இறால் எத்தனை நேரம் வெந்நீர் போன்ற காற்றில் கிடந்ததோ. வெவ்வேறு பெட்டியிலிருந்து எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டேன். ஒவ்வொன்றும் மூக்கைப் பிடுங்கியது.

கிண்ணத்தை அப்படியே பெரிய ஷெஃப்பிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து ஒரு தடவை முகர்ந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது சீத்தயாயி," என்றார். கெட்டுவிட்டது என்று அர்த்தம். சோப்புப் போட்டுக் கையை இரண்டு தடவை கழுவினார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மேலே மெனுவை மாற்றச் சொன்னார். சாலைக் கடைத்தெருவிலிருந்து கோழி வந்து இறங்கியது. விருந்தினர்கள் பிழைத்துக்கொண்டார்கள். நான் ஃபினாயில் டின்னை எடுக்கப் போனபோது அவர், "நில்லு, மேனேஜர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன்," என்றார். அவர் யாரையும் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மேனேஜரே இறங்கி வந்தார். பம்பாய்க்காரர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இத்தனையையும் கொட்டினால் தலைமை அலுவலகத்துக்கு நான் என்ன சொல்வது? ஊழியர் மெஸ்ஸுக்கு அனுப்பு."

எனக்கு முதலில் புரியவில்லை. கெட்டுவிட்டது சார் என்று திரும்பச் சொன்னேன்.

"விருந்தினர்களுக்கு ஆகாது என்றுதானே சொன்னீர்கள்? இவர்கள் கடற்கரை ஜனங்கள். இவர்கள் வயிற்றுக்கு இதெல்லாம் பழக்கம். மசாலாவைக் கூடப் போடச் சொல்."

சொல்லிக்கொண்டே மணிக்கட்டுப் பொத்தானைச் சரி செய்தார். அந்த விரல்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. ஜெனரேட்டரை ஏசிக்கு மட்டும் திருப்பியது அவர். தப்பு வெளியே தெரியாமல் இருக்க வேண்டுமானால் இறால் குப்பைக்குப் போகக் கூடாது, யார் வயிற்றுக்குள்ளாவது போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"அப்படியானால் சார், ஒரு தட்டு சமைத்துத் தருகிறேன். கீழே வந்து அவர்களோடு உட்கார்ந்து முதலில் நீங்கள் சாப்பிடுங்கள்," என்றேன்.

"நான் சைவம்," என்றார்.

பெரிய ஷெஃப்பைப் பார்த்தேன். அவர் கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். மேனேஜர் போகும்போது என் தோளில் தட்டி, "உன் உத்தரவு என் மேஜையில் இருக்கிறது, இந்த வாரம் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் படி ஏறினார். பெட்டிகள் அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளைகளே, அந்த நிமிஷம் என் முன்னால் என்னென்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மெஸ் சமையற்காரனிடம் போய், இதைச் சமைக்காதே என்று சொல்லலாம். நல்லவன் என்ற பேர் எனக்கும், வேலை போவது அவனுக்கும். அவன் பேர் செல்லையன், மார்த்தாண்டத்துப் பக்கத்து ஆள். தினக்கூலி மாதிரிதான் வைத்திருந்தார்கள், நாளை வராதே என்று வாசலில் நிறுத்த ஒரு வார்த்தை போதும். சாப்பிடுகிறவர்களிடம் சொல்லலாம். அவர்கள் சாப்பிடாமல் பட்டினியாக எழுந்து போவார்கள், அல்லது நம்பாமல் சாப்பிடுவார்கள். மேலிடத்துக்கு மனுக் கொடுக்கலாம், மனு போய்ச் சேருவதற்குள் இறால் பேதியாகிப் போயிருக்கும். மறுக்கிற பொறுப்பை நமக்குக் கீழே இருப்பவன் தலையில் இறக்கிவைப்பதைப் போலக் கோழைத்தனம் வேறில்லை. முடியாது என்று சொல்ல வேண்டுமானால், அதை யாருடைய உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருக்கிறதோ அவன்தான் சொல்ல வேண்டும்.

கீழே போனேன். செல்லையன் தேங்காயும் மிளகாயும் அரைத்து வைத்துவிட்டு, பெரிய வார்ப்புப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். அதிர்ஷ்டம் அடித்த மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"இண்ணைக்கு நமக்குக் கோளுதான் அண்ணே. றாலுல்லா வந்திருக்கு! எல்லாவளும் பத்து மணிக்கே எட்டிப் பாத்துட்டுப் போறாளுவ."

சலவைக்கூடத்திலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. விஷயம் அதற்குள் பரவியிருந்தது. நான் அவனை, கொஞ்சம் உப்பு வாங்கி வா என்று மேலே அனுப்பினேன். உப்பு அங்கேயே ஜாடி நிறைய இருந்தது, அவனும் அதைப் பார்த்தான், என் கையிலிருந்த டின்னையும் பார்த்தான். படி ஏறிவிட்டான். அவன் அங்கே இல்லை என்று பிற்பாடு எவன் கேட்டாலும் சத்தியமாகச் சொல்லலாம். பெட்டி மூடிகளைத் திறந்து ஃபினாயிலை ஊற்றினேன். ஐஸ் தண்ணீரில் பட்டதும் கறுப்பு வெள்ளையாக மாறி எல்லாப் பெட்டியிலும் பரவியது. டின் காலியாகும் வரைக்கும் ஊற்றினேன்.

அன்றைக்குக் கீழே சாப்பாடு, அரைத்த மசாலாவில் மரவள்ளிக்கிழங்கு. நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாகவும், ஜனங்கள் என்னைத் தூக்கிக் கொண்டாடியதாகவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. லில்லி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு நேரே வந்து நின்றாள். சலவைக்கூடத்துப் பெண், பக்கத்துத் துறையில் வீடு, அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள்.

"மணி சாரே, எங்க ஆணுங்க பிடிக்கிற செம்மீன், இந்த றாலு முழுக்க இங்கயல்லே வருது. வீட்டுல ஒன்னு எடுத்து வச்சா வெல போச்சுன்னு அம்மை ஏசி வழக்கு பறயும். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அது எங்க தட்டுல விழும்னு நெனச்சோம். அதையும் வெஷம் கொட்டிக் கெடுத்தாச்சு. சாருக்கு மேல சாப்பாடு உண்டு, இல்லே?"

அது கெட்ட இறால் என்று சொன்னேன். "கெட்டதுன்னா அவங்க எங்களுக்குத் தருவாங்களா?" என்று கேட்டாள். மேனேஜர் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை, யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சரியாக முடிவெடுத்தால் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு நீங்கள் சாட்சி தேட முடியாது. இந்தத் தொழிலில் உங்களைக் கடைசிவரை கடித்துக்கொண்டே இருக்கப் போவது இதுதான்.

விசாரணை வைத்தார்கள். ஓட்டலின் பொருளை வேண்டுமென்றே நாசம் செய்தேன் என்பது குற்றச்சாட்டு. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கடலைப் பார்த்த அறையில் உட்கார்ந்து கேட்டார். இறால் நன்றாகத்தான் இருந்தது, மெனு மாற்றம் விருந்தினர்களின் விருப்பம் என்றார் மேனேஜர். ஜெனரேட்டர் பற்றி நான் வாய் திறந்ததும், அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். கவலையில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஷெஃப் வெளியே பெஞ்சில் இருக்கிறாரே, அவர் மூக்கு போதுமே.

அவரைக் கூப்பிட்டு, நீங்கள் முகர்ந்து பார்த்தீர்களா, கெட்டிருந்ததா என்று கேட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு எனக்குக் கடுத்த ஜலதோஷம் சாரே. மூக்கு அடச்சிருந்து. மணம் ஒன்னும் பிடி கிட்டல."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதை அன்று கண்ணால் பார்த்தேன். மேனேஜர் என்னைக் கெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அவர் அப்படிப்பட்ட ஆள்தான். எனக்கு மூக்கைக் கொடுத்தவரே மூக்கு அடைத்துவிட்டது என்று சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவருக்கு ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் பாக்கி, மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, எல்லாம் தெரியும். ஒருவன் ஏன் பொய் சொன்னான் என்று புரிந்துகொள்வது ஒன்று, மன்னிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. மேனேஜருக்கு அதைவிட நல்ல யோசனை தோன்றியது. "அவர்கள் மேல் உனக்கு அத்தனை அக்கறை இருக்கிறதே, அவர்களுக்கே சமைத்துப் போடு," என்று சொல்லி என்னைக் கீழே மாற்றினார். என் உத்தரவு கையெழுத்தாகாமலே கிழிந்தது. வீட்டில் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலை டிபன் பாத்திரத்தைக் கையில் கொடுத்து, "பண்ணினது பண்ணியாச்சு, இனிமே அங்கேயாவது நன்னா பண்ணுங்கோ," என்றாள்.

செல்லையனும் நானுமாக ஜன்னல் இல்லாத அந்த அறையை நடத்தினோம். முதல் நாளே ஒரு ஃபினாயில் டின்னைக் கடைசிப் படியில் வைத்தேன். மேலேயிருந்து எது வந்தாலும் அங்கேயே நிறுத்திச் சூடான தண்ணீரில் ஒரு துண்டு போட்டுப் பார்ப்போம். தேறினால் உள்ளே, இல்லாவிட்டால் டின். சில மாதங்களில் மேலேயிருந்து கெட்டது வருவது நின்றுபோனது. இதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியதைச் செய்ய வைப்பதற்கு ஒரு டின் விஷம் காவல் நிற்க வேண்டியிருந்ததே என்று எரிச்சல்தான் வரும்.

அதன் பிறகு சில வருஷம் கழித்து, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட சமயத்தில் பெரிய ஷெஃப்பின் கடைசி நாள் வந்தது. ஓய்வு பெறுகிறவர் அன்று மேலே சாப்பிடக் கூடாது, கீழே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது எங்கள் ஓட்டல் வழக்கம். மழை காலத்தில் சில நாள் கரையில் இறால் குவிந்துவிடும், வாங்க ஆள் இருக்காது. அன்று விடியற்காலை லில்லி கூடைகளோடு வந்து இறங்கினாள்.

"தம்பி கொண்டு வந்தது. இன்னும் துள்ளுது. சார் மோந்து பாக்க வேண்டாம்," என்றாள். நான் முகர்ந்து பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். அன்று கெடுத்ததற்குப் பதில் இன்று வந்ததென்று அவள் வாயால் சொல்லவில்லை. பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

பெரிய ஷெஃப் படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். கழுத்தில் மாலை. கடைசிப் படியில் இருந்த டின்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நின்றார், பிறகு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். செல்லையன் சோறு போட்டுக் கறியை ஊற்றினான். நான் எதிரே நின்றிருந்தேன். இத்தனை வருஷமும் அவரோடு வேலை விஷயம் தவிர ஒரு சொல் பேசியதில்லை. அவர் ஒரு இறாலை எடுத்தார். வாய்க்குப் போகும் வழியில் கை தானாக நின்றது, பழைய பழக்கம், மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்தார்.

"சளி சரியாயிடுச்சா ஷெஃப்?" என்று கேட்டேன்.

விடைபெறுகிற கிழவரிடம் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். நான் இன்று நின்றாலும் அதே இடத்தில் அதையேதான் கேட்பேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், விசாரணை அறையில் பார்க்காத கண்ணால். இறாலை வாயில் போட்டுக்கொண்டார். தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் தின்று முடித்தார். பிறகு மாலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு, யாரிடமும் கொடுக்காமல், குழாயடியில் குனிந்து தன் தட்டைத் தானே கழுவினார்.